நெடுந்தீவில் காய்ச்சிய கோழிச்சாறு

பிள்ளை பெற்ற வீட்டில் கோழிச்சாறு காய்ச்சுவது எங்கள் பெண்களுக்குப் புதிய செய்தி அல்ல. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் ஊருக்கு ஊர் கைப்பக்குவம் மாறும். ஆனால் காய்ச்சாத ஊர் இல்லை. வாசகச் சகோதரிகளில் பலர் என்னைவிட நன்றாகவே காய்ச்சுவீர்கள். ஆயினும் நல்ல தண்ணீர் கிடைப்பதே பெரும்பாடாக உள்ள ஒரு தீவில், சாப்பிடவும் குடிக்கவும் பயந்து போயிருந்த ஓர் இளம் தாய்க்காக அதைக் காய்ச்ச நேர்ந்தபோது, இது வெறும் சமையல் காரியம் அல்ல என்று எனக்குப் புரிந்தது. அதனால்தான் நெடுந்தீவைப் பற்றியும் அந்தச் சாற்றைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனது தங்கையின் மகள் நெடுந்தீவில் வாழ்க்கைப்பட்டவள். தங்கை இப்போது உயிருடன் இல்லை. தாய் இருந்திருந்தால் பிள்ளைப்பேற்றுக்கு அவள்தான் போய் நின்றிருப்பாள். அந்த இடத்தில் பெரியம்மாவாகிய நான் போக வேண்டியிருந்தது. 2024 பங்குனி மாதம் அது. யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை மூலம் ஆண் குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் தீவுக்குத் திரும்பியிருந்தார்கள். ஒன்பதாம் நாள் மருமகன் தொலைபேசியில் பேசினார். "பெரியம்மா, அவ ஒண்டும் சாப்பிடுறாவில்லை. ஒரே தலையிடி எண்டு படுத்திருக்கிறா. நீங்கள் ஒருக்கா வந்தால் நல்லது" என்றார். அடுத்த நாள் விடியற்காலையிலேயே வவுனியாவில் பஸ் ஏறிவிட்டேன்.

கடல் தாண்டும் வழி

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, ஆனையிறவு என்று ஏ9 வீதி நீண்டு செல்கிறது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க பஸ் நின்றது. 2006 ஓகஸ்டில் இந்த வீதி மூடப்பட்ட பின்னர் 2009 வரை பொதுமக்கள் இவ்வழியே போய் வர முடியாதிருந்ததை எங்கள் வயதுப் பெண்கள் எவரும் மறந்திருக்க மாட்டோம். சொந்த பந்தங்களின் பிள்ளைப்பேற்றுக்கும் செத்தவீட்டுக்கும் போக முடியாமல் இருந்த காலம் அது. அதனாலோ என்னவோ, இப்போது நினைத்த நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட முடிவதே ஒரு பாக்கியமாகத் தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்தில் குறிகட்டுவான் பஸ்ஸைப் பிடித்தேன். பண்ணைப் பாலத்தைக் கடந்ததும் இருபக்கமும் ஆழமில்லாத கடல். அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தீவுகள். கூரையிழந்து சுவர் மட்டும் நிற்கும் பெரிய கல்வீடுகள் வழிநெடுகிலும் தெரிகின்றன. குறிகட்டுவான் இறங்குதுறையில் சனம் இரண்டாகப் பிரியும். நயினாதீவு நாகபூஷணி அம்மனையும் நாகவிகாரையையும் தரிசிக்கப் போவோர் ஒரு பக்கம். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், முட்டைத் தட்டு, பாடசாலைப் புத்தகம் என்று சுமைகளோடு நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருப்போர் மறுபக்கம்.

படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பயணம். எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்பிடாதை பிள்ளை. பங்குனிக் கடல் பால் மாதிரி" என்றார். அவர் சொன்னது போலவே அன்று கடல் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் இந்தக் கடல் வழிக்கு வேறொரு நினைவும் உண்டு. 1985 மே 15 ஆம் திகதி குமுதினிப் படகில் சென்ற பயணிகள் பலர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, நடுக்கடலில் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கான நினைவிடம் தீவில் இருக்கிறது. அந்த அம்மா அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. படகு புறப்படும்போது கைகூப்பிக் கும்பிட்டது மட்டும் கண்டேன்.

கல்வேலியும் உவர் நீரும்

நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தட்டையான தீவு. ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரமொன்றின் பெயரால் இதை டெல்ஃப் என்று அழைத்தார்கள். மேடு பள்ளம் அதிகம் இல்லை. எங்கு பார்த்தாலும் பனை. வீட்டுக்கு வீடு வேலி என்பது எங்கள் பக்கத்துக் கதியால் வேலி அல்ல. கடற்பாறைக் கற்களைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய கல்வேலி. அதற்கு அப்பால் வெட்ட வெளியில் கட்டாக்காலிக் குதிரைகள் மேய்கின்றன. ஒல்லாந்தர் காலப் புறாக்கூடும், பெருக்க மரமும், இடிந்த கோட்டையும் பார்க்க உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். மாலைப் படகில் திரும்பியும் விடுகிறார்கள். தீவில் ஓரிரவாவது தங்கினால்தான் தண்ணீரின் அருமை தெரியும்.

நெடுந்தீவின் அடித்தளம் சுண்ணாம்புக் கல். மாரியில் பெய்யும் மழை கல்லினூடாக இறங்கி, நிலத்தடியில் உள்ள கடல் நீரின் மேல் ஒரு படையாக மிதந்து நிற்கும். நன்னீர் உவர் நீரைவிடப் பாரம் குறைந்தது என்பதே அதற்குக் காரணம். இந்தப் படை மெல்லியது. கோடை ஏறும்போதும், அளவுக்கு மிஞ்சி இறைக்கும்போதும் அடியிலுள்ள உப்பு மேலே வந்துவிடும். அதனால்தான் தீவில் ஒரு கிணறு குடிக்கக்கூடியதாகவும் இன்னொன்று குளிக்க மட்டும் உதவுவதாகவும் இருக்கின்றன. சாறாப்பிட்டிப் பகுதியில் உள்ள நன்னீர்க் கிணறுகளைத் தீவு மக்கள் பெருமதிப்போடு பேசுகிறார்கள். வரட்சி கடுமையான ஆண்டுகளில் குதிரைகளும் மாடுகளும் தண்ணீர் இன்றிச் செத்துப்போவதும் உண்டு.

பத்தியமும் பயமும்

மகள் படுத்திருந்த அறை யன்னல்கள் சாத்தி, இருட்டாக இருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. "பெரியம்மா" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். பிள்ளை மடியில் சிணுங்கிக்கொண்டிருந்தது.

மாமியார் நல்ல மனுசி. மகளைத் தன் பிள்ளை போலவே பார்த்தார். வீட்டில் மூத்தவர் மாமியாரின் தாயார். எல்லோரும் ஆச்சி என்றே கூப்பிட்டார்கள். ஆச்சியின் சொல்லே அங்கு பத்தியச் சட்டம். காலையில் இரண்டு துண்டு பாண், மத்தியானம் கொஞ்சச் சோறும் பொரித்த மீனும், தண்ணீர் நாளுக்கு இரண்டு மூக்குப்பேணி. மரக்கறி இல்லை, பழம் இல்லை.

"தண்ணி குடிச்சால் வண்டி வைச்சிடும், பிள்ளைக்கும் குளிர் பிடிக்கும்" என்றார் ஆச்சி.

எனக்கு உடனே மறுத்துப் பேச மனம் வரவில்லை. பக்கத்தில் குந்தியிருந்து, "ஆச்சி, உங்கட காலத்திலை எப்பிடி?" என்று கேட்டேன். அப்போதுதான் அவர் மனத்தில் கிடந்தது வெளியே வந்தது. ஆச்சியின் தமக்கை பிள்ளை பெற்ற ஆறாம் நாள் காய்ச்சல் வந்து இறந்துபோனாராம். மாரிக்காலம். கடல் கொந்தளிப்பு. வள்ளம் விட ஆளில்லை. "அவள் ராவிலை எழும்பிப் போய்க் குடத்திலை பச்சைத்தண்ணி அள்ளிக் குடிச்சவள். அதுதான் சன்னி கண்டது எண்டு சொன்னவை" என்றார். எழுபது வருடமாக அந்தப் பயத்தை நெஞ்சில் சுமந்து வந்த மனுசியிடம், உங்கள் பத்தியம் பிழை என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு எழும்ப முடியுமா?

பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் கடும் காய்ச்சலை முன்னோர் சன்னி என்றார்கள். அது பெரும்பாலும் கருப்பையிலோ காயத்திலோ கிருமி தொற்றுவதால் வருவது. தண்ணீர் குடிப்பதால் வருவதல்ல. ஆயினும் கொதிக்க வைக்காத தண்ணீரைப் பற்றிய ஆச்சியின் பயத்தில் ஓர் உண்மையும் இருந்தது. அசுத்த நீரால் வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் வருவதை நாம் அறிவோம். எனவே, "ஆச்சி, இனிப் பச்சைத்தண்ணி வேண்டாம். எல்லாம் கொதிச்சதாகவே குடுப்பம். முதலிலை சரக்குப் போட்டுக் கோழிச்சாறு காய்ச்சித் தருவம், என்ன?" என்றேன்.

ஆச்சியின் முகம் மலர்ந்தது. "சரக்கு அரைக்கத் தெரியுமோ உனக்கு?" என்று கேட்டார். "நீங்கள் சொல்லித் தாருங்கோ" என்றேன்.

முதலில் தண்ணீர்

வீட்டுக் கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. சோறு அவிக்கவும் கறி வைக்கவும் அவர்கள் அதையே பாவித்தார்கள். கறிக்கு உப்பைக் குறைத்துப் போட்டால் தெரியாது. ஆனால் சாற்றின் கதை வேறு. இரண்டரை லீற்றர் தண்ணீரை ஒன்றரை லீற்றராக வற்றக் காய்ச்சும்போது ஆவியாகப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு முழுவதும் சட்டியிலேயே தங்கிவிடும். கிணற்றில் லேசாகக் கரிக்கும் நீர் சாற்றில் வாயில் வைக்க முடியாத உப்பாகிவிடும். சத்திரசிகிச்சை செய்து, உடம்பில் வீக்கம் முழுதாக வற்றாத பெண்ணுக்கு அவ்வளவு உப்பு நல்லதல்ல. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

மருமகன் ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்தார். கரியரின் இரண்டு பக்கமும் கான்களைக் கட்டிக்கொண்டு நன்னீர்க் கிணற்றுக்குப் போய் வந்தார். வெயிலில் வியர்த்து வந்து கான்களை இறக்கி வைத்தபோது, "காணுமோ பெரியம்மா? இன்னொருக்காப் போகவோ?" என்று கேட்டார். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்ப்பது பெண்களின் வேலை என்று ஒதுங்கி நிற்காத பிள்ளை அவர்.

ஊர்க்கோழி

மாமியார் பத்துப் பதினைந்து கோழிகள் வளர்த்தார். முட்டையிடுவதைக் குறைத்துவிட்ட ஒரு பேட்டுக்கோழியைத் தெரிந்து பிடித்தார். இளங்குஞ்சின் இறைச்சி மெதுவானது, கறிக்கு நல்லது. சாற்றுக்கு வயதான கோழியே சிறந்தது. ஓடித் திரிந்த கோழியின் கால், கழுத்து, மூட்டு, தோல் ஆகியவற்றில் கொலாஜன் என்னும் புரதம் நிறைந்திருக்கும். மெல்லிய சூட்டில் நெடுநேரம் கிடக்கும்போது அது இளகி ஜெலற்றினாக மாறிச் சாற்றில் இறங்கும். ஆறிய சாறு கூழ்போல உறைவதும், குடிக்கும்போது உதட்டில் லேசாக ஒட்டுவதும் இதனால்தான்.

நகரத்தில் உள்ளவர்கள் புரொய்லர் கோழியில் காய்ச்சுவதாயின் நெஞ்சுத் துண்டை விட்டுவிட்டு, கழுத்து, முதுகெலும்பு, செட்டை, கால் ஆகியவற்றை வாங்குங்கள். விலையும் குறைவு, சாறும் நன்றாக வரும். காய்ச்சும் நேரமும் ஒன்றரை மணித்தியாலம் போதும்.

காய்ச்சிய விதம்

ஆச்சி திண்ணையில் இருந்தபடி சொல்லச் சொல்ல, மாமியாரும் நானும் செய்தோம். எங்கள் அளவு இதுதான்:

துப்புரவாக்கிய ஊர்க்கோழி – ஏறத்தாழ 900 கிராம்
நல்ல தண்ணீர் – 2½ லீற்றர்
சின்ன வெங்காயம் – 10
உள்ளி – 8 பல்லு
மல்லி – 2 மேசைக்கரண்டி
மிளகு – 1 தேக்கரண்டி
சீரகம் – 1 தேக்கரண்டி
வேர்க்கொம்பு – ஒரு சிறு துண்டு
மஞ்சள் – ஒரு சிறு துண்டு
கறிவேப்பிலை – ஒரு நெட்டு
உப்பு – கடைசியில், மிகக் குறைவாக
தேசிக்காய் – பாதி

கோழியை மூட்டு மூட்டாக வெட்டி, பெரிய எலும்புகளைக் கத்தியின் பின்புறத்தால் தட்டி உடைத்துக்கொண்டோம். கால்களைச் சுடுநீரில் தோய்த்து மேல்தோலை உரித்து, நகத்தை வெட்டிச் சேர்த்தோம். ஈரலைத் தனியே எடுத்து வைத்தோம். அதைச் சாற்றில் போட்டுக் கொதிக்க வைத்தால் சாறு கலங்கிக் கைக்கும்.

மண் சட்டியில் கோழியைப் போட்டு, பச்சைத்தண்ணீரையே ஊற்றி அடுப்பில் வைக்க வேண்டும். கொதிநீரில் போட்டால் இறைச்சியின் மேற்புறம் சட்டென்று இறுகிவிடும். பச்சைத்தண்ணீரில் தொடங்கினால் சாரம் மெல்ல மெல்ல இறங்கும். முதலில் கங்குமட்டையை வைத்து எரித்தோம். அது குபீரென்று பற்றிச் சட்டியைச் சூடேற்றும். கொதி வரத் தொடங்கும்போது சாம்பல் நிற நுரை மேலே திரண்டு வந்தது. அதைச் சிரட்டை அகப்பையால் பொறுமையாக அள்ளி அள்ளி எறிந்தோம். இந்த வேலைக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். அலுத்துப்போய் விட்டுவிட்டால் சாறு தெளியாது.

நுரை அடங்கியதும் கங்குமட்டையை இழுத்துவிட்டு ஊமலைப் போட்டார் மாமியார். பனங்கிழங்கு கிண்டிய பின் மிஞ்சும் பனங்கொட்டை ஓடு அது. சுவாலை இல்லாமல் தணலாகக் கனன்றுகொண்டேயிருக்கும். சாற்றுக்கு வேண்டியதும் அதுதான். சட்டி தளதளவென்று கொதிக்கக்கூடாது. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி மாத்திரம் மேலே வந்துகொண்டிருக்க வேண்டும். கடுமையாகக் கொதித்தால் கொழுப்பு சாற்றோடு அடிபட்டுக் கலந்து, சாறு வெள்ளையாகக் கலங்கிவிடும். குடிப்பவருக்கும் ஓங்காளிக்கும். காஸ் அடுப்பில் காய்ச்சுபவர்கள் ஆகக் குறைந்த சுவாலையில், மூடியைச் சற்றே விலக்கி வையுங்கள்.

ஒன்றரை மணித்தியாலத்தில் இறைச்சி மெதுவாகிவிட்டது. அப்போது சதையை எலும்பிலிருந்து கழற்றி எடுத்து வைத்துவிட்டு, எலும்பை மட்டும் திரும்பச் சட்டியில் போட்டோம். இறைச்சி வெறும் சக்கையாகப் போகாமல் இருப்பதற்கு இதுவே வழி.

இதற்கிடையில் மல்லி, மிளகு, சீரகம் ஆகியவற்றை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, மஞ்சளையும் வேர்க்கொம்பையும் சேர்த்து அம்மியில் அரைத்தோம். ஆச்சி எழுந்து வந்து விரலால் தொட்டுப் பார்த்து, "இன்னும் பசுந்தாய் அரை" என்றார். மீண்டும் அரைத்தோம். வெங்காயத்தையும் உள்ளியையும் தட்டிப் போட்டு, அரைத்த சரக்கைக் கரைத்து விட்டு, கறிவேப்பிலையும் சேர்த்து இன்னும் அரை மணித்தியாலம் விட்டோம். சரக்கைத் தொடக்கத்திலேயே போட்டால் வாசம் ஆவியோடு போய்விடும். கடைசியில் இறக்கி, ஒரு துப்புரவான வெள்ளைத் துணியில் வடித்து, மேலே மிதந்த கொழுப்பை அகப்பையால் விலக்கி, அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாக உப்புச் சேர்த்தோம். எல்லாமாக இரண்டேகால் மணித்தியாலம். ஒன்றரை லீற்றர் சாறு, வெயிலில் பிடித்த தேன்போல நிறம்.

முதல் கோப்பை

தேசிக்காய்ப் புளி நாலு துளி விட்டு, மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசத்துக்கே எழுந்து உட்கார்ந்தாள். முதல் கோப்பையை மெல்ல மெல்லக் குடித்தாள். அடுத்ததை அவளாகவே கேட்டாள். "அம்மா வைக்கிற மாதிரி இருக்குது" என்றாள். என் தங்கைக்கும் எனக்கும் ஒரே தாய்தானே சமையல் பழக்கியவர். எனக்குத் தொண்டை அடைத்தது. ஒன்றும் சொல்லாமல் பிள்ளையை வாங்கி ஏணையில் போட்டேன்.

மத்தியானம் குழையச் சோறு, கழற்றி வைத்த கோழிச்சதை, முருங்கை இலைச் சுண்டல், தேங்காயெண்ணெயில் வதக்கிய ஈரல் சிறு துண்டு ஆகியவற்றைக் கொடுத்தோம். முருங்கை இலை குளிர் என்று ஆச்சி முதலில் தயங்கினார். மிளகும் உள்ளியும் தட்டிப் போட்டால் சூடுதானே என்று மாமியாரே அவரைச் சமாதானப்படுத்திவிட்டார்.

மிஸ் சொன்னவை

அடுத்த நாள் குடும்பநல உத்தியோகத்தர் வந்தார். தீவில் எல்லோரும் அவரை மிஸ் என்றே அழைக்கிறார்கள். வெயிலில் வீடு வீடாகப் போய்த் தாய்மாரைப் பார்க்கும் இந்தப் பெண்களின் சேவையைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். காயத்தைப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், பிள்ளையை நிறுத்தார். கோழிச்சாற்றைப் பற்றி நாங்கள் சொன்னதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். ஆனால் சில விடயங்களைத் தெளிவாகவும் சொன்னார். அவை எல்லா வாசகிகளுக்கும் பயன்படும்.

சாறு நல்லதுதான், ஆனால் சாறே சாப்பாடு ஆகாது. எலும்பிலுள்ள கல்சியம் சாற்றில் இறங்குவது மிகக் கொஞ்சம். இரும்புச்சத்தும் புரதமும் பெரும்பாலும் இறைச்சியிலும் ஈரலிலுமே தங்கியிருக்கின்றன. சாற்றைத் தாய்க்குக் கொடுத்துவிட்டு இறைச்சியை மற்றவர்கள் சாப்பிடுவது அநியாயம். முட்டை, மீன், பருப்பு, கீரை, பழம் எல்லாமே தாய்க்கு வேண்டும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் திரிபோஷவையும் தவறவிடக்கூடாது. மாத்திரையோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும்.

பால் சுரப்பது சாற்றினால் மட்டும் அல்ல. பிள்ளை எவ்வளவுக்கு அடிக்கடி உறிஞ்சுகிறதோ அவ்வளவுக்குத்தான் சுரக்கும். பாலூட்டும் தாய் தாகத்துக்குத் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். தண்ணீரை மறித்தால் தலையிடி, மலச்சிக்கல், சோர்வு, சிறுநீர்க் கடுப்பு வரும். சத்திரசிகிச்சைக் காயத்தோடு மலச்சிக்கலும் சேர்ந்தால் அந்தத் தாயின் வேதனையைச் சொல்ல முடியாது. ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டுமே. சாற்றில் ஒரு துளியோ சீனித்தண்ணீரோ நாக்கில் தடவுவதும் கூடாது.

காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, அதிக இரத்தப்போக்கு, காயத்தில் சிவப்பு அல்லது சீழ், ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், மூச்சு முட்டல், கடும் தலையிடியுடன் கண் மங்கல் ஆகியவற்றில் எது வந்தாலும் வீட்டு மருந்து பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும் மிஸ் சொன்னார். "தீவிலை இருக்கிற நாங்கள் ஒரு மணித்தியாலம் முந்தியே முடிவெடுக்க வேணும்" என்ற அவருடைய வார்த்தை என் மனத்தில் பதிந்துவிட்டது.

ஆச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மிஸ் எழும்பும்போது மெதுவாக, "அப்ப என்ரை அக்கா தண்ணி குடிச்சதாலை சாகேல்லையோ?" என்று கேட்டார். மிஸ் திரும்ப வந்து ஆச்சியின் பக்கத்தில் அமர்ந்து, கையைப் பிடித்து, "இல்லை ஆச்சி. கிருமிக் காய்ச்சல். இண்டைக்கெண்டால் ஊசி மருந்து இருக்குது" என்றார். ஆச்சி சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பாவம், தமக்கை தானாகவே தேடிக்கொண்ட சாவு என்று இவ்வளவு காலமும் எண்ணியிருந்திருக்கிறார்.

அன்று பின்னேரம் யன்னல் திறக்கப்பட்டது. கொதித்தாறிய தண்ணீர் ஒரு செம்பு நிறைய மகளின் தலைமாட்டில் வைக்கப்பட்டது. அதைக் கொண்டுவந்து வைத்தவர் ஆச்சிதான்.

மிஞ்சிய சாறு

அந்த வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. எனவே அளவாகக் காய்ச்சி, காலையில் வைத்ததை அன்றைக்கே முடித்தோம். இடையில் ஒவ்வொரு முறையும் நன்றாகக் கொதிக்க வைத்தே கொடுத்தோம். வெப்பமான எங்கள் நாட்டில் சாறு கிருமிகளுக்கும் நல்ல விருந்து. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைத்திருக்கக்கூடாது. குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள், பெரிய சட்டியோடு வைக்காமல் அகலமான சிறு பாத்திரங்களில் ஊற்றிச் சீக்கிரம் ஆறவைத்து, மூடி உள்ளே வையுங்கள். மூன்று நாட்களுக்குள் பாவித்துவிடுங்கள். ஆறியபின் மேலே படியும் கொழுப்பை எளிதாக வழித்தெடுக்கலாம். பச்சைக்கோழி வெட்டிய கத்தியையும் பலகையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் வேறு எதையும் வெட்டாதீர்கள்.

நான் பத்து நாள் தங்கினேன். மூன்று கோழிகள் சாறாயின. இடைநாட்களில் முட்டை, மீன் சொதி, முருங்கை இலை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தோம். தலையிடி நின்றது. மகள் தானே எழுந்து முற்றத்தில் நடந்தாள். மிஸ் மறுபடி வந்து நிறுத்தபோது பிள்ளையின் நிறை கூடியிருந்தது. மாமியார் சத்தம் போட்டு ஆச்சிக்குச் சொன்னார். ஆச்சி, "எல்லாம் சரக்கின்ரை குணம்" என்றார். நாங்கள் யாரும் மறுக்கவில்லை. அவருடைய கைப்பக்குவமும் அதில் இருந்தது உண்மைதானே.

சகோதரிகளே, பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகும் நாம் எல்லோரும் பிள்ளையைத்தான் முதலில் கேட்கிறோம். யாரைப்போல இருக்கிறது, என்ன நிறம், பால் குடிக்கிறதா என்று விசாரிக்கிறோம். தாயிடம், "நீ சாப்பிட்டியா? தண்ணி குடிச்சியா? எங்கை நோகுது?" என்று கேட்பவர்கள் குறைவு. அடுத்த முறை ஒரு சவர்க்காரப் பெட்டியோ சட்டையோ வாங்கிக்கொண்டு போவதற்குப் பதிலாக, ஒரு போத்தல் கோழிச்சாறும் அதனுடன் அந்தக் கோழியின் இறைச்சியும் கொண்டுபோங்கள். அவள் குடித்து முடிக்கும்வரை பிள்ளையைச் சற்று நேரம் நீங்கள் வைத்திருங்கள்.